பலிகடா வரிசை

பிப்ரவரி 10

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நாட்குறிப்பு எழுதும் அளவுக்கு எனக்கு ஒன்றும் நடந்துவிடவில்லை. எங்கள் வீட்டில் இதற்கு முன் யாரும் எழுதியதும் இல்லை. இந்த டைரிகூட அப்பாவுக்குப் பூச்சிமருந்துக் கடையில் இனாமாகக் கொடுத்தது. பால் கணக்கு எழுத வைத்திருந்தார். மாட்டை விற்றுவிட்டதால் என்னிடம் வந்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு மருந்தின் விளம்பரம் இருக்கிறது. அதற்கு மேலேதான் எழுத வேண்டும். வாயால் சொல்ல வராததை எங்கேயாவது இறக்கிவைக்க வேண்டும் என்று எழுதுகிறேன், அவ்வளவுதான்.

இன்று விதைப்பு. கீழமங்கலம் பயறு ஆராய்ச்சிப் பண்ணையில் மூன்று வருடத் திட்டம் ஒன்றில் நான் உதவியாளர். திட்டம் இருக்கும்வரை வேலை இருக்கும். உளுந்தில் வரும் மஞ்சள் தேமல் நோயைத் தாங்கும் ரகத்தைக் கண்டுபிடிப்பதுதான் திட்டம். இது மூன்றாவது வருடம்.

ஊரில் யாராவது என்ன வேலை என்று கேட்டால் கூச்சமாக இருக்கும். நாங்கள் செய்வது நோயை வளர்ப்பது. அறுபது வகை உளுந்தை வரிசை வரிசையாக விதைக்கிறோம். இரண்டு வரிசைக்கு நடுவே, நோய் கண்டதும் விழுந்துவிடும் நோஞ்சான் ரகம் ஒன்றை ஒரு வரிசை விதைக்கிறோம். அதற்குத் தண்ணீர் உண்டு, களையெடுப்பு உண்டு, மருந்து மட்டும் கிடையாது. வெள்ளை ஈ அதில்தான் முதலில் உட்காரும். அது மஞ்சளாகும். அங்கிருந்து ஈ இரண்டு பக்கமும் நோயைக் கொண்டுபோகும். அத்தனை மஞ்சளுக்கும் நடுவில் எது பச்சையாக நிற்கிறதோ, அதைத்தான் தேடுகிறோம்.

பண்ணையில் வேலை செய்யும் பெண்கள் அந்த நோஞ்சான் வரிசைக்குப் பலிகடா வரிசை என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

“ஏன் புள்ள, ஊரெல்லாம் நோயை வெரட்டுறான். நீங்க மட்டும் பாய் போட்டு உக்கார வைக்கிறீங்க” என்றார் செல்லப்பாப்பா அக்கா, விதையைப் போட்டுக்கொண்டே.

“வந்து உக்காந்தாத்தானக்கா யாரு தாங்குறாங்கன்னு தெரியும்.”

“எம் மாமியா வந்து உக்காந்தப்ப நானுந்தான் தாங்குனேன். எனக்கு யாரு வந்து ரகம்னு பேரு வச்சா?”

எல்லோரும் சிரித்தோம். எல்லோரும் என்றால் நாலு பேர். போன வருடம் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். இந்த வருடம் ஒதுக்கீட்டைக் குறைத்துவிட்டார்கள். நாங்கள் குனிந்து விதைத்துக்கொண்டிருக்கும்போதே வாசலில் புது வளைவுக்குக் கம்பி கட்டிக்கொண்டிருந்தார்கள், பதினைந்து ஆள் நின்று. பண்ணைத் தலைவர் முனைவர் தணிகாசலத்திடம் செல்லப்பாப்பா அக்கா கேட்டேவிட்டார்: “அய்யா, அதுல நாலு ஆள இங்கிட்டு அனுப்பக் கூடாதா?”

“அது கட்டடக் கணக்கும்மா. இது ஆராய்ச்சிக் கணக்கு. இந்தப் பையில இருந்து அந்தப் பைக்குக் கை போகாது.”

“ரெண்டு பையும் ஒரே சட்டையிலதானய்யா இருக்கு?”

சார் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு அலுவலகத்துக்குத் திரும்பினார். நல்ல மனிதர்தான். சண்டை போடமாட்டார். அதுதான் அவரிடம் எனக்குப் பிடிக்காதது. என்னிடமும் எனக்குப் பிடிக்காதது அதுவேதான்.

நாற்பத்தொன்றாம் எண் வகையை நானே விதைத்தேன். இரண்டு வருடமும் சுற்றி எல்லாம் மஞ்சளாகி விழுந்தபோது அது மட்டும் நின்றது. மூன்றாவது தடவையும் நின்றால் ரகம் வெளியிடும் குழுவுக்குப் போகும். பெயர் வைப்பார்கள். விதை பெருக்குவார்கள். இரண்டு மூன்று வருடத்தில் அப்பா கைக்கே வரலாம்.

பிப்ரவரி 15, ஞாயிறு

அம்மா மாவரைக்கச் சொன்னார். அரைத்தேன். துணி ஊறவைத்தேன். அப்பாவுக்குச் சோறு எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனேன்.

நெல் அறுப்புக்கு முன்னால் தெளித்த உளுந்து. பூக்கிற பருவம். வரப்பில் ஏறியதுமே தெரிந்தது. மஞ்சள், அங்கங்கே திட்டுத் திட்டாக. அப்பா தெளிப்பானை முதுகில் மாட்டியபடி நின்றார். மூக்கில் துண்டு கட்டியிருந்தார். இது மூன்றாவது தெளிப்பு.

“என்ன மருந்துப்பா?”

“யாரு கண்டா. கடைக்காரன் மூணு பாட்டில் குடுத்தான். மூணையும் கலந்து அடிங்கண்ணேன்னான். ரெண்டு வாட்டி அடிச்சாச்சு. ஈ சாவல. எனக்குத்தான் தலை சுத்துது.”

சாப்பிட்டுக்கொண்டே கேட்டார். என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

“உங்க பண்ணையில ஒண்ணு நிக்குதுன்னியே, மஞ்சளாவாம. அதுல ரெண்டு கை விதை கொண்டாயேன். பெருக்கிக்கலாம்.”

“கொண்டாரக் கூடாதுப்பா. இன்னும் வெளியிடல. இருக்கிறதே கொஞ்சம். தப்பு.”

“சரி சரி. தப்புன்னா வேணாம்.”

மிச்சச் சோற்றை மூடிவைத்தார். அவர் கேட்டதில் எனக்குக் கோபம் இல்லை. கேட்டதற்குப் பிறகு அவருக்குக் கோபமே வராததுதான் என்னவோ செய்தது.

உளுந்து விதையை ஒரு தடவை வாங்கினால் போதும். அடுத்த வருடத்துக்கு வீட்டிலேயே பானையில் எடுத்துவைத்துக்கொள்ளலாம். அதனால் எந்தக் கம்பெனிக்கும் உளுந்தின் மேல் அக்கறை இல்லை. நோயைத் தாங்கும் விதை வந்துவிட்டால் மூன்று பாட்டிலும் விற்காது. அந்த விதையைத் தேட அரசாங்கத்தைத் தவிர யாருக்கும் காரணம் கிடையாது. அரசாங்கம் தேடாவிட்டால் அப்பா முதுகில் அந்தத் தெளிப்பான் இருந்துகொண்டே இருக்கும். கல்லூரியில் இதைப் பற்றி ஐந்து மதிப்பெண் கேள்வி ஒன்று வந்தது. எனக்கு நான்கு போட்டார்கள்.

பிப்ரவரி 26

பலிகடா வரிசையில் முதல் மஞ்சள் தெரிந்தது. துளித்துளியாக, இலையில் மஞ்சள்பொடி சிந்தியது போல. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வீட்டில் சொல்லவில்லை.

மார்ச் 2

சார் கூப்பிட்டார். பதினெட்டாம் தேதி ஆய்வுக்குழு வருகிறது. மூன்று பேர். திட்டத்தை இன்னும் மூன்று வருடம் நீட்டிப்பதா, மூடுவதா என்று அவர்கள்தான் எழுதுவார்கள்.

“வெண்ணிலா, நாளைக்கே வெள்ளை ஈக்கு மருந்து அடிச்சிரலாம். அஞ்சு நாள் விட்டு இன்னொரு தடவை. மஞ்சளா இருக்கிறதப் புடுங்கிரணும். இலைவழியா யூரியாவும் குடுத்துட்டா கருகருன்னு வந்துரும்.”

எனக்குப் புரியவில்லை. வேறு வயலைச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

“தேமல் வயலா சார்?”

“ரோட்டோரமா இருக்கிறது அதுதானே.”

அவரே பேசினார். போன வருடம் வேறொரு பண்ணைக்குப் போன குழுவில் ஒருவர், நோய் ஆய்வு வயலைப் படம் பிடித்து, ‘அரசாங்கப் பணத்தில் இப்படித்தான் பயிர் வைப்பீர்களா’ என்று கேட்டிருக்கிறார். விளக்கம் சொல்ல ஒரு வாரம் ஆனதாம். அதற்குள் பணம் வேறு பக்கம் போய்விட்டது.

“வர்ற மூணு பேர்ல ரெண்டு பேர் நிதித்துறை. அவங்களுக்குப் பச்சைன்னா வேலை நடக்குது, மஞ்சள்னா நடக்கல. நான் என்னம்மா பண்றது? மொதல்ல திட்டம் உசுரோட இருக்கட்டும். டேட்டா அடுத்த வருஷம் எடுத்துக்கலாம்.”

மருந்து அடித்தால் எல்லாமே பச்சையாக இருக்கும். எல்லாமே பச்சையாக இருந்தால் நாற்பத்தொன்றை எப்படிக் கண்டுபிடிப்பது? இதை நான் கேட்கவில்லை. “சரி சார்” என்றுதான் வாயில் வந்தது.

வரும்போது பார்த்தேன். வளைவுக்குச் சாயம் அடித்துக்கொண்டிருந்தார்கள். அதுவும் பச்சை.

மார்ச் 5

பிடுங்கினோம். பலிகடா வரிசைகள் முழுவதும். மற்ற வரிசைகளில் எங்கெல்லாம் மஞ்சள் தட்டியதோ அங்கெல்லாம். பிடுங்கிய இடம் தெரியாமல் மண்ணை இழுத்து மூடச் சொன்னார் சார். மூடினோம். ஆள் குறைவாக இருந்ததால் நானும் பிடுங்கினேன். இருபத்து மூன்று நாள் வளர்த்த செடி. வேர் முடிச்சு எல்லாம் நன்றாகப் பிடித்திருந்தது.

“பொண்ணு பாக்க வர்றாங்கன்னு அம்மைத் தழும்புல பவுடர் அப்புற மாதிரில்ல இருக்கு” என்றார் செல்லப்பாப்பா அக்கா. “ஏன் புள்ள, நீயாச்சும் சொல்லலாம்ல? படிச்ச புள்ள.”

“நான் சொன்னா கேப்பாங்களாக்கா?”

“சொல்லிப் பாத்தியா?”

மருந்தும் அடித்து முடித்து, தெளிப்பானைக் கழுவி வெயிலில் கவிழ்த்தேன். சோப்புப் போட்டு மூன்று தடவை கை கழுவினேன். சாப்பிடும்போது அப்பாவின் மேல் வரும் அதே வாடை என் கையிலும் வந்தது.

மார்ச் 11

பிஸ்கட்டும் சால்வையும் வாங்க டவுனுக்கு அனுப்பினார்கள். டீசல் வாங்கப் பணம் இல்லாமல் பண்ணையில் ஜெனரேட்டர் ஓடாத நாளெல்லாம் உண்டு. சால்வைக்கு எந்தப் பையில் இருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. கடைக்காரர் எந்த நிறம் என்று கேட்டார். பச்சை என்று சொல்லிவிட்டு எனக்கே எரிச்சலாக வந்தது. மாற்றி நீலமாக எடுத்தேன்.

மார்ச் 18

வந்தார்கள்.

இரண்டு பேர் வளைவை வெகுநேரம் பார்த்தார்கள். வயலுக்கு வந்ததும் “எக்ஸலண்ட், எக்ஸலண்ட்” என்று ஒருவர் சொல்லிக்கொண்டே வந்தார். வயல் அப்படித்தான் இருந்தது. கருகருவென்று, ஒரே உயரத்தில், பூவும் பிஞ்சுமாக. சார் நடுவில் நிற்க, போட்டோ எடுத்தார்கள். நான் பிஸ்கட் தட்டோடு வரப்பில் நின்றேன்.

மூன்றாவதாக வந்தவர் ஒரு பெண்மணி. முனைவர் மீனலோசனி. பயிர் நோய் படித்தவராம், கடைசி நேரத்தில் குழுவில் சேர்த்திருக்கிறார்கள். அவர் போட்டோவுக்கு நிற்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வயலுக்குள் இறங்கினார். குனிந்து இலையைத் திருப்பிப் பார்த்தார். அடுத்த செடி. அடுத்த வரிசை. பிறகு நிமிர்ந்து கேட்டார்.

“தணிகாசலம், இன்ஃபெக்டர் வரிசை எங்க?” பலிகடா வரிசைக்குப் புத்தகத்துப் பெயர் அது.

“இந்த வருஷம் நோய் அழுத்தம் ரொம்பக் கம்மி மேடம்.”

“அழுத்தம் கம்மின்னா செடி இருக்கும், நோய் இருக்காது. இங்க செடியையே காணோமே.”

சார் சிரித்தார். நிதித்துறைக்காரர்களும் ஏதோ நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தார்கள். அந்த அம்மா சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார்.

“நீதானம்மா நோய்க்கு ஸ்கோர் எடுக்கிற பொண்ணு? நீ சொல்லு. மருந்து அடிச்சீங்களா?”

என் கையில் தட்டு இருந்தது. தட்டைக் கையில் வைத்துக்கொண்டு எப்படிப் பேசுவது? கீழே வைக்கலாம் என்றால் வரப்பெல்லாம் ஈரம். சார் என்னைப் பார்க்கவில்லை, தூரத்தில் வளைவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா கொஞ்ச நேரம் காத்திருந்தார். அவசரப்படுத்தவில்லை. அவசரப்படுத்தியிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ.

பிறகு அவர் ஒரு பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு, “தேங்க்ஸ்மா” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மார்ச் 19

பிஸ்கட் மிச்சம். செல்லப்பாப்பா அக்கா பேரன்களுக்கு எடுத்துப் போனார்.

மார்ச் 22, ஞாயிறு

வீட்டில் இருந்தேன். மெத்தை உறை துவைத்தேன். அம்மாவுக்கு ரேஷன் அட்டை திருத்தம் செய்ய இ-சேவை மையத்துக்குப் போய் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தேன்.

அப்பா உளுந்து வயலில் ஆட்டை விட்டுவிட்டார். பக்கத்துத் தெரு ராசேந்திரன் மாமாவின் ஆடுகள். “மேயட்டும். அறுத்தா ஆள்கூலிக்குக்கூட வராது” என்றார். ஆடுகள் மஞ்சள் இலையையும் தின்னத்தான் செய்தன.

ராசேந்திரன் மாமா என்னைப் பார்த்ததும், “வாம்மா ஆராய்ச்சி. நம்ம ஆட்டுக்கு என்ன ரகம் புடிச்சிருக்குன்னு எழுதிக்க” என்றார். அப்பா, “சும்மா கெடடா” என்றார். ஆனால் சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் சொன்னார்.

சாயங்காலம் அம்மா மெதுவாகச் சொன்னார். காகித மில்லுக்குச் சவுக்கு நடுவதாக அப்பா பேசி முடித்துவிட்டாராம். மொத்த வயலும். சித்திரை பிறந்ததும் கன்று வரும். சவுக்கு நட்டால் ஐந்து வருடத்துக்கு மருந்து அடிக்க வேண்டாம், களை வேண்டாம், யாரையும் எதுவும் கேட்கவும் வேண்டாம்.

கடைசி வார்த்தை யாரைக் குறித்தது என்று அம்மா சொல்லவில்லை.

மார்ச் 31

அறிக்கை வந்தது. சார் அறையைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் இருந்தார். பிறகு கூப்பிட்டு என்னிடமே கொடுத்துப் படிக்கச் சொன்னார்.

பண்ணை மிகச் சிறப்பாகப் பராமரிக்கப்படுகிறது. நுழைவாயில் பாராட்டத்தக்கது. பார்வையாளர் கூடம் ஒன்று அமைக்க நிதி பரிந்துரைக்கப்படுகிறது. தேமல் நோய்த் திட்டத்தைப் பொறுத்தவரை, மூன்றாம் ஆண்டில் வயலில் நோயே இல்லாததால் முடிவுகளை ஏற்க இயலாது. திட்டம் இன்றோடு முடிகிறது.

பச்சையாக இருந்ததால் மூடிவிட்டார்கள். மஞ்சளாக இருந்தால் மூடிவிடுவார்கள் என்று பயந்து பச்சையாக்கினோம்.

எனக்கு இவ்வளவு கோபம் வரும் என்று எனக்கே தெரியாது. யார் மேல் வைப்பது என்றுதான் தெரியவில்லை. சார் மேலா? அவர் பெண்டாட்டி நகையை அடகு வைத்துப் பண்ணை மோட்டாருக்குக் காயில் கட்டியதாகச் செல்லப்பாப்பா அக்கா சொல்லியிருக்கிறார். மீனலோசனி அம்மா மேலா? அவர் உள்ளதைத்தான் எழுதினார். படம் பிடித்துக்கொண்டு போன இருவர் மேலா? அவர்களுக்கு ஒரு உளுந்துச் செடியைக் காட்டி எது என்று கேட்டால் தெரியாது. அவர்களைக் குழுவில் போட்டவர்கள் மேலா? அவர்களின் பெயர்கூட எனக்குத் தெரியாது.

ஒரு ரகத்தைக் கண்டுபிடிக்கப் பத்து வருடம் ஆகிறது. பணம் வருடா வருடம் வருகிறது, வராமலும் போகிறது. மார்ச் மாதம் முடிகிறது என்பது செடிக்குத் தெரியாது. நாங்கள் விதைத்தது பிப்ரவரி. காய் முற்றுவது ஏப்ரல் நடுவில். நடுவே ஒரு தேதியைப் போட்டு வெட்டினால் அது எந்த ஊர்க் கணக்கு? வேளாண்மைக்கு இத்தனை கோடி ஒதுக்கினோம் என்று செய்தியில் படித்தார்கள். அப்பா டீ குடித்துக்கொண்டே கேட்டார். அந்தக் கோடியில் ஒரு பங்கு வளைவாக நிற்கிறது. இன்னொரு பங்கு பார்வையாளர் கூடமாக நிற்கப்போகிறது. பார்வையாளர்கள் வந்து எதைப் பார்ப்பார்கள்?

என் மேல் வைப்பது என்றால் இங்கே இடம் போதாது. விளம்பரம் வேறு பாதிப் பக்கத்தை அடைத்திருக்கிறது.

ஏப்ரல் 4

டிராக்டர் வந்தது. பார்வையாளர் கூடம் ரோட்டோரமாகத்தான் வர வேண்டுமாம். ரோட்டோரமாக இருப்பது தேமல் வயல்தான்.

“காய் இன்னும் பத்து நாள்ல முத்திரும்ணே” என்று டிரைவரிடம் சொன்னேன். சத்தமாகத்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன். அவருக்குக் கேட்கவில்லை.

“எனக்கு இன்னிக்கு வேலைன்னு சொன்னாங்க தங்கச்சி. நாளைக்கு வேற ஊரு.”

செல்லப்பாப்பா அக்கா நாற்பத்தொன்றாம் வரிசையின் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார். சும்மா உட்கார்ந்திருந்தார், வெற்றிலை போட்டுக்கொண்டு. டிரைவர் ஹாரன் அடித்தார். “இரு தம்பி, மருந்து மாத்திரை போடுறேன்” என்றார். கடைசியில் சார் வந்து கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார். எழுந்து சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, எங்கள் இருவரையும் தாண்டி நடந்துவிட்டார்.

முற்றாத பால்காய்கள் உழவு சாலில் நசுங்கினால் ஒரு வாசனை வரும். பச்சைப் பயறு வேகவைத்தது போல, பசிக்கிற வாசனை.

ஏப்ரல் 9

பண்ணை அடையாள அட்டையை ஒப்படைக்கச் சார் வீட்டுக்குப் போனேன். பண்ணையிலேயே கொடுத்திருக்கலாம். அவர் விடுப்பில் இருந்தார்.

அவர் மனைவி கதவைத் திறந்தார். “நீதான் வெண்ணிலாவா? வாம்மா. ஒங்க உளுந்தக் காட்டுறேன் வா” என்று நேரே சமையலறைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் குளிர்பதனப் பெட்டியைத் திறந்தார். இட்லி மாவுக்கும் மோருக்கும் கீழே, காய்கறி வைக்கும் தட்டு முழுவதும் சிறு சிறு காகித உறைகள். அறுபது வகையும் இருந்தன.

“பண்ணையில விதை வைக்கிற கோல்டு ரூம் கெட்டுப்போயி வருஷம் ஒண்ணாச்சும்மா. அதைச் சரிபண்ணக் காசில்லன்னு இங்க கொண்டாந்து அடுக்கிட்டாரு. நான் கத்திரிக்காயக் கூடத்துல வச்சிருக்கேன். வாடிப்போவுது. கேட்டா, கத்திரிக்கா கடையில கெடைக்கும், இது கெடைக்காதுங்கிறாரு.”

சார் பின்னால் வந்து நின்றார். வேட்டியில் அவரை அதுவரை பார்த்ததில்லை. அவரிடம் இன்னும் எனக்குக் கோபம் இருந்தது. இருக்கிறது. ஆனாலும் அன்று வாய் திறக்காதவள் இன்று கேட்டேன். சமையலறை என்பதாலோ என்னவோ, குரல் வந்தது.

“சார், திரும்ப ஒருதடவை பண்ண முடியாதா?”

“எங்கம்மா பண்றது? நிலம் போச்சு. ஆள் இல்ல.”

“உழவர் வயல்ல?”

அவர் விரல் விட்டு எண்ணிச் சொன்னார். உழவர் வயல் ஆய்வு என்று ஒன்று இருக்கிறது. விவசாயி சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால், பணம் இல்லாமலே செய்யலாம். விதை சார் தரலாம், முறைப்படி. நோய்க்கு மதிப்பெண் போடச் சாரே வரலாம், பஸ் பிடித்து. மீனலோசனி அம்மாவுக்கும் எழுதலாம்.

“எழுதினா வருவாங்க” என்றார். “ஆனா எவன் நிலம் குடுப்பான் சொல்லு? மத்த ஆய்வுன்னா நல்ல விதைய நட்டு நல்லா வளக்கணும். இது நோய வளக்கணும். நடுவுல நோஞ்சானப் போட்டு, மருந்தே அடிக்காம, முழுசும் மஞ்சளாகி நிக்கிறத அவனும் அவன் ஊரும் ரெண்டு மாசம் பாக்கணும். ஒரு மரக்கால் வீட்டுக்கு வராது. நட்டா இந்தச் சித்திரையில நடணும், ஈ ஏறுற காலம். சுத்தி வேற உளுந்து இல்லாத நேரமும் இதுதான், அடுத்தவன் பயிருக்குக் கெடுதல் இல்ல. இத விட்டா அடுத்த வருஷம். அதுக்குள்ள என் ஃப்ரிட்ஜுக்கே என்ன ஆவுதோ.”

அவர் மனைவி, “அது நல்லாத்தான் இருக்கு. நீங்க விதைய எடுங்க மொதல்ல” என்றார்.

நாற்பத்தொன்றாம் எண் உறையைக் கையில் வாங்கியபோது சில்லென்று இருந்தது.

ஏப்ரல் 11

உறைகள் அரிசிப் பானைக்குள் இருக்கின்றன. அம்மாவுக்கு மட்டும் தெரியும். “ஒங்கப்பாகிட்ட நீயே கேளு. நான் கேக்க மாட்டேன்” என்றார். “அவரு ஒண்ணு கேட்டாரு, நீ தப்புன்னு சொன்ன. இப்ப நீ கேக்குற. அதுக்கு அவரு என்ன சொன்னாலும் நீ வாங்கிக்கணும்.”

நாளை காலையில் சவுக்குக்குக் குழி அடிக்க ஆள் வருகிறது. கன்று செவ்வாய்க்கிழமை.

ஏப்ரல் 12, ஞாயிறு

விடிந்ததும் வயலுக்குப் போனேன். அப்பா எனக்கு முன்னால் போயிருந்தார். மேலக்கோடியில் முளைக்குச்சி அடித்து, கயிறு கட்டி வரிசை பார்த்துக்கொண்டிருந்தார். கயிற்றின் இன்னொரு முனையை ராசேந்திரன் மாமா பிடித்திருந்தார். என்னைப் பார்த்ததும், “வந்துருச்சுடா ஆராய்ச்சி. குழிக்கும் குழிக்கும் நடுவுல எத்தனை அடின்னு கேட்டுக்க” என்றார்.

“மாமா, கொஞ்ச நேரம் அங்கிட்டுப் போறீங்களா” என்றேன்.

அவர் கயிற்றைக் கீழே போட்டார். நான் அப்படிப் பேசி அவர் கேட்டதில்லை. அப்பாவும் கேட்டதில்லை. மாமா போய்க் கிணற்று மேட்டில் உட்கார்ந்து பீடி பற்றவைத்தார்.

“என்னடா?” என்றார் அப்பா.

எல்லாவற்றையும் சொன்னேன். மருந்து அடித்ததை, பிடுங்கியதை, தட்டை, டிராக்டரை. சாரின் ஃப்ரிட்ஜைச் சொன்னபோது மட்டும் ஒரு மாதிரி பார்த்தார். அப்பா முளைக்குச்சி மேல் கையை ஊன்றிக்கொண்டு கேட்டார். நடுவில் ஒரே ஒரு தடவைதான் பேசினார்.

“அப்ப அந்த ஆளுங்க பச்சையப் பாத்துட்டு நல்லாருக்குன்னுட்டுப் போனாங்களா?”

“ஆமாப்பா.”

“எவ்வளவு தூரத்துல இருந்து பாத்தாங்க?”

“வரப்புல இருந்து.”

மண்ணைப் பார்த்துக் காறித் துப்பினார். அப்பாவுக்குக் கோபம் வந்து இப்போதுதான் பார்க்கிறேன்.

“சரி. இப்ப எங்கிட்ட என்ன வேணும்?” என்றார்.

மூன்று நாளாகச் சொல்லாமல் வைத்திருந்ததை அப்போதுதான் சொன்னேன்.

“சவுக்க மேலக்கோடியில நட்டுக்கங்கப்பா. போர் தண்ணி பாயுற அந்தக் கீழ்க்கோடிய மட்டும் ஒரு போகத்துக்கு எனக்குக் குடுங்க. ஒண்ணும் வெளையாது. ஊரே சிரிக்கும். மாமா ஆடு மேய்க்கக் கேப்பாரு, குடுக்கக் கூடாது. எவ்வளவு மஞ்சளானாலும் மருந்து அடிக்கக் கூடாது, ஒரு செடிகூடப் புடுங்கக் கூடாது. யாரு வந்து பாத்தாலும் அது மஞ்சளாவே நிக்கணும்ப்பா.”